ஃபேன் சுத்துது, லைட் எரியுது... ஸ்கிரீன் மட்டும் கறுப்பு! பழைய கம்ப்யூட்டரில் டிஸ்பிளே வரலைன்னா என்ன செய்யணும்?

பவர் பட்டனை அழுத்தினால் சி.பி.யு பெட்டிக்குள் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறது. முன்பக்கம் இருக்கும் சின்ன விளக்கும் எரிகிறது. ஆனால் மானிட்டரில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. "அவ்ளோதான், கம்ப்யூட்டர் போச்சு. உள்ளே இருந்த போட்டோ எல்லாம் போச்சு" என்று பலர் அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலர் பெட்டியை அப்படியே பழைய சாமான் கடைக்குப் போடுகிறார்கள். இன்னும் சிலர், "ஃபார்மட் பண்ணணும்" என்று யாராவது சொன்னதும் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

இரண்டுமே அவசர முடிவுதான். ஸ்கிரீனில் படம் தெரியாமல் போவது ஒரு பிரச்சினை, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்கள் அழிவது வேறு பிரச்சினை. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான நேரங்களில் கோளாறு ஒரு கேபிளிலோ, தூசி படிந்த ரேமிலோ, தீர்ந்துபோன சின்ன பேட்டரியிலோதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். எப்படி என்று பார்க்கலாம்.

முதல் கேள்வி: மானிட்டர் என்ன சொல்லுது?

'ஸ்கிரீன் கறுப்பு' என்பதிலேயே நான்கு வகை இருக்கிறது. எது உங்களுடையது என்று முதலில் பாருங்கள்.

1. மானிட்டரில் விளக்கே எரியவில்லை: பிரச்சினை மானிட்டருக்கு வரும் கரன்ட்டில். பிளக், சுவிட்ச் போர்டு, யு.பி.எஸ், மானிட்டரின் அடாப்டர் ஆகியவற்றைப் பாருங்கள். யு.பி.எஸ்-ன் பின்னால் சில சாக்கெட்டுகள் பேட்டரியிலும், சில நேரடி கரன்ட்டிலும் இயங்கும். கரன்ட் போன நேரத்தில் மானிட்டர் மட்டும் அணைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

2. 'நோ சிக்னல்' என்றோ 'செக் கேபிள்' என்றோ வருகிறது: மானிட்டர் நன்றாக இருக்கிறது. அதற்கு சி.பி.யு-விலிருந்து எதுவும் வந்து சேரவில்லை.

3. 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' அல்லது 'இன்புட் நாட் சப்போர்ட்டட்' என்று வருகிறது: இது நல்ல செய்தி. சிக்னல் வருகிறது, ஆனால் அந்த மானிட்டரால் காட்ட முடியாத அளவில் வருகிறது. செட்டிங்கை மாற்றினால் போதும்.

4. ஆன் செய்ததும் நிறுவனத்தின் லோகோ வருகிறது, பிறகுதான் கறுப்பாகிறது: மானிட்டர், கேபிள், ரேம் எல்லாம் அடிப்படையில் வேலை செய்கின்றன. கோளாறு பெரும்பாலும் விண்டோஸிலோ, டிஸ்பிளே டிரைவரிலோ இருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். லோகோகூட வராத கம்ப்யூட்டருக்கு ஃபார்மட் மருந்தே கிடையாது. லோகோவைக் காட்டுவது மதர்போர்டில் இருக்கும் பயாஸ். அது ஹார்ட் டிஸ்க்கையோ விண்டோஸையோ தொடுவதற்கு முன்பே நடக்கும் வேலை. அந்தக் கட்டத்திலேயே படம் வரவில்லை என்றால், டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி போடுவதால் எந்தப் பயனும் இல்லை. உங்கள் போட்டோக்கள் போவதுதான் மிச்சம்.

கம்ப்யூட்டர் உயிரோட இருக்கா? ஒரே பட்டனில் தெரிஞ்சுக்கலாம்

கம்ப்யூட்டரை ஆன் செய்து இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு கீபோர்டில் 'நம் லாக்' பட்டனை அழுத்துங்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் கம்ப்யூட்டர் உள்ளே இயங்கிக்கொண்டிருக்கிறது, நமக்குப் படம் மட்டும்தான் தெரியவில்லை. நம் லாக் விளக்கு இல்லாத கீபோர்டு என்றால் 'கேப்ஸ் லாக்' பட்டனில் பாருங்கள்.

இன்னொரு அடையாளம், சி.பி.யு பெட்டியின் முன்னால் இருக்கும் ஹார்ட் டிஸ்க் விளக்கு. அது விட்டு விட்டுச் சிமிட்டினால் விண்டோஸ் லோடு ஆகிறது என்று பொருள். விண்டோஸ் 7 போட்ட கம்ப்யூட்டர் என்றால், ஸ்பீக்கரை ஆன் செய்து வைத்தால் வழக்கமான தொடக்க இசையே கேட்கும்.

விளக்கு மாறுகிறது என்றால் வெளியே உள்ள பாகங்களைப் பாருங்கள். விளக்கு அசையவே இல்லை என்றால் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும்.

உயிரோட இருக்கு, படம் மட்டும் இல்லை: என்ன செய்யலாம்?

கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். இரண்டு முனைகளையும் முழுசாகக் கழற்றி, பார்த்துவிட்டு, திரும்ப மாட்டி, பக்கத்து ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது நீல நிற வி.ஜி.ஏ கேபிள். ஐ.பி.எம் 1987-ல் கொண்டுவந்த வடிவம் இது. மூன்று வரிசையில் 15 ஊசிகளுக்கு இடம் இருக்கும். ஏதாவது ஊசி வளைந்திருந்தால் மெல்ல நிமிர்த்தலாம். நடு வரிசையில் ஒரே ஒரு ஊசி மட்டும் இல்லாவிட்டால் பதற வேண்டாம். ஒன்பதாவது ஊசி இல்லாமலேயே பல கேபிள்கள் வருகின்றன.

மானிட்டரின் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' பட்டனை அழுத்துங்கள். கேபிள் வி.ஜி.ஏ-வில் இருக்க, மானிட்டர் எச்.டி.எம்.ஐ-யில் தேடிக்கொண்டிருக்கலாம். குழந்தைகள் கை பட்டு மாறியிருந்தால்கூட இப்படித்தான் ஆகும்.

சி.பி.யு-வின் பின்பக்கம் பாருங்கள். டிஸ்பிளே கேபிள் மாட்டும் இடம் இரண்டு இருக்கிறதா? மேலே மதர்போர்டிலேயே ஒன்றும், கீழே தனி கிராஃபிக்ஸ் கார்டில் ஒன்றும் இருக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பல கம்ப்யூட்டர்களில் மேலே இருப்பது தானாகவே முடங்கிவிடும். கேபிளை மற்றொன்றில் மாட்டிப் பாருங்கள்.

வேறு ஸ்கிரீனில் சோதியுங்கள். பக்கத்து வீட்டு மானிட்டரோ, வீட்டு டி.வி-யோ போதும். ஆனால் புதிய டி.வி-க்கள் பலவற்றில் வி.ஜி.ஏ சாக்கெட் கிடையாது. வி.ஜி.ஏ-வை எச்.டி.எம்.ஐ ஆக்க வெறும் ஒயர் போதாது. இரண்டும் வேறு வகை சிக்னல் என்பதால், உள்ளே சர்க்யூட் இருக்கும் கன்வர்ட்டர்தான் வேலை செய்யும். பெரும்பாலும் அதற்கு யு.எஸ்.பி வழியாகத் தனியாக பவரும் கொடுக்க வேண்டும்.

டார்ச் டெஸ்ட் செய்யுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை ஸ்கிரீனில் சாய்வாக அடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் மானிட்டரின் பின்புற விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது. கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இல்லை.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தாலோ, லோகோவுக்குப் பிறகு கறுப்பானாலோ இப்படிச் செய்யுங்கள். விண்டோஸ் 7 என்றால், ஆன் செய்ததும் எஃப்8 பட்டனைத் தொடர்ந்து தட்டுங்கள். வரும் பட்டியலில் 'லோ ரெசல்யூஷன் வீடியோ' என்பதையோ 'சேஃப் மோட்' என்பதையோ தேர்வு செய்யுங்கள். படம் வந்ததும் ஸ்கிரீன் அளவை மாற்றிவிடலாம். விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். டிஸ்பிளே டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

விளக்கு அசையவே இல்லையா? பெட்டியைத் திறக்கும் முன்...

பிளக்கை சுவரிலிருந்தே கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் கரன்ட் வெளியேறிவிடும். சில நேரம் இதைச் செய்து, ஐந்து நிமிடம் கழித்து ஆன் செய்தாலே படம் வந்துவிடும்.

கம்ப்யூட்டருடன் இணைந்திருக்கும் பிரின்டர், பென் டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அவற்றில் ஒன்று பழுதாகி மொத்த இயந்திரத்தையும் நிறுத்தி வைத்திருக்கலாம்.

பெட்டியைத் திறந்ததும், பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். நம் உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் அதில் இறங்கிவிடும். பிறகே பாகங்களைத் தொட வேண்டும். பல மாதமாக மூலையில் கிடந்த பெட்டி என்றால் உள்ளே தூசியோடு எறும்புக் கூடும் பல்லி எச்சமும்கூட இருக்கலாம். மென்மையான, உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். ஈரத்துணி கூடாது. வாயால் ஊதினாலும் எச்சில் ஈரம் பட்டுவிடும்.

'பீப்' சத்தம் என்ன சொல்லுது?

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தன்னைத் தானே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். 1981-ல் வந்த ஐ.பி.எம் பி.சி. காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. ஸ்கிரீனில் சொல்ல முடியாத கோளாறை அது 'பீப்' சத்தத்தால் சொல்லும்.

ஒரே ஒரு குட்டி பீப் என்றால், பல மாடல்களில் 'எல்லாம் சரி' என்று அர்த்தம். அவார்டு பயாஸ் இருக்கும் போர்டுகளில் ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப் வந்தால் கிராஃபிக்ஸில் பிரச்சினை. நீள பீப் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் ரேம் பிரச்சினை. ஏ.எம்.ஐ பயாஸில் எட்டு குட்டி பீப் என்றால் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகிக்க வேண்டும். டெல், ஹெச்.பி. போன்ற நிறுவனங்களுக்குத் தனி சங்கேதம் உண்டு. அவற்றின் பல மாடல்களில் பவர் விளக்கு சிமிட்டுவதும் ஒரு தகவல்தான். மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் தேடினால் விளக்கம் கிடைக்கும்.

சத்தமே வரவில்லையா? உங்கள் பெட்டியில் அந்தச் சின்ன பஸ்ஸரே இல்லாமல் இருக்கலாம். மேசை மேல் இருக்கும் ஸ்பீக்கரில் இது கேட்காது.

ரேமைக் கழற்றி மாட்டுவது எப்படி?

பழைய கம்ப்யூட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டிய பாகம் ரேம். மதர்போர்டில் செங்குத்தாக நிற்கும் நீளமான, மெல்லிய பட்டை அது. இரண்டு பக்கமும் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் மேலே வரும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும் கிளிப் திறக்கும்.

அடியில் தங்க நிறத்தில் பற்கள் வரிசையாக இருக்கும். ஈரக்காற்றிலும் தூசியிலும் அதன் மேல் மெல்லிய படலம் படிந்து தொடர்பை அறுத்துவிடும். பென்சில் எழுத்தை அழிக்கும் சாதாரண ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகள்களைச் சுத்தமாகத் தட்டிவிடுங்கள். சர்வீஸ் கடைகளிலும் பெரும்பாலும் முதலில் செய்வது இதைத்தான்.

திரும்ப மாட்டும்போது அடியில் இருக்கும் வெட்டு, ஸ்லாட்டில் இருக்கும் மேட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பட்டையைத் திருப்பிப் பிடியுங்கள், அழுத்தித் திணிக்க வேண்டாம். 'டக்' என்று கிளிப் பூட்டும் வரை அமுக்குங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். வரவில்லையென்றால் அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஸ்லாட்டை மாற்றுங்கள். அடுத்து மற்றொரு ரேமைப் போட்டுப் பாருங்கள். பொறுமையாகச் செய்தால் எந்த ரேம், எந்த ஸ்லாட் பழுது என்பது தெரிந்துவிடும்.

பஸ்ஸர் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. எல்லா ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். 'பீப்' என்று கத்தினால் மதர்போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன. ரேம் இல்லை என்று அவைதான் புகார் சொல்கின்றன. கத்தவே இல்லையென்றால் பவர் சப்ளை, மதர்போர்டு, பிராசஸர் பக்கம் போக வேண்டும்.

அந்தச் சின்ன பேட்டரிக்கு இவ்வளவு வேலையா?

மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சி.ஆர்.2032, அளவு 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது தேதி, நேரம், பயாஸ் செட்டிங் ஆகியவற்றைக் காப்பது இதுதான். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய் நின்றது என்றால் இந்த பேட்டரி தீர்ந்துவருகிறது என்று அர்த்தம்.

பேட்டரி தீர்ந்தால் செட்டிங் குழம்பி, படம் எந்த சாக்கெட் வழியாகப் போக வேண்டும் என்பதும் மாறிவிடலாம். பிளக்கைக் கழற்றிய நிலையில் பேட்டரியை எடுத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்துப் புதியது போடுங்கள். எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். பயாஸ் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள எதுவும் இதனால் அழியாது.

கிராஃபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, மதர்போர்டு

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும் கழற்றி, ரப்பரால் துடைத்து மாட்டுங்கள். மதர்போர்டிலேயே டிஸ்பிளே சாக்கெட் இருந்தால், கார்டை வெளியே வைத்துவிட்டு அதில் கேபிளை மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் பழுது கார்டில்தான்.

ஃபேன் சுற்றுகிறது என்பதாலேயே பவர் சப்ளை, அதாவது எஸ்.எம்.பி.எஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அது 12, 5, 3.3 வோல்ட் என மூன்று முக்கிய அளவுகளில் கரன்ட் தர வேண்டும். ஃபேனுக்கு 12 வோல்ட் போதும். மற்றவை விழுந்திருந்தாலும் ஃபேன் சுற்றும். பிராசஸர் அருகே நான்கு ஊசி கனெக்டர் ஒன்று தனியாக வரும். அது கழன்றிருந்தாலும் இதே அறிகுறிதான், ஃபேன் சுற்றும், படம் வராது. எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

மதர்போர்டில் சின்ன டிரம் போல நிற்கும் கெபாசிட்டர்களைப் பாருங்கள். மேல் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ கோளாறு அங்கேதான். 2000-களின் முதல் பாதியில் தயாரான பல போர்டுகளில் தரமற்ற கெபாசிட்டர்கள் உலகம் முழுக்க இப்படி உப்பின. அந்தக் காலத்து போர்டு என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். சால்டரிங் தெரிந்த மெக்கானிக்கால் இதை மாற்ற முடியும்.

லேப்டாப் என்றால்?

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்பை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறீர்களா? தூக்கிப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் கழற்ற முடிந்தால் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் வெளி மானிட்டரில் இணையுங்கள். அதில் படம் வந்தால், பழுது லேப்டாப் ஸ்கிரீனிலோ, கீல் வழியாகப் போகும் மெல்லிய கேபிளிலோதான். மூடியைச் சாய்க்கும்போது படம் வந்து வந்து போனாலும் அந்த கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது.

எதுவும் சரியாகலை... ஃபைல்களை எப்படி எடுப்பது?

மதர்போர்டே போனாலும் ஹார்ட் டிஸ்க் தனிப் பாகம். அதைக் கழற்றி, யு.எஸ்.பி கன்வர்ட்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போல இணைக்கலாம். லேப்டாப்பில் இருக்கும் 2.5 அங்குல டிஸ்க்குக்குப் பெரும்பாலும் யு.எஸ்.பி பவரே போதும். டெஸ்க்டாப்பில் இருக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டரோடு வரும் கன்வர்ட்டர் தேவை. மிகப் பழைய டிஸ்க்கில் அகலமான, ஊசிகள் நிறைந்த ஐ.டி.இ. கனெக்டர் இருக்கும். டிஸ்க்கைப் போட்டோ எடுத்துக் கடையில் காட்டி, அதற்குப் பொருந்தும் கன்வர்ட்டரை வாங்குங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். இணைத்ததும் 'டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் 'கேன்சல்' அழுத்துங்கள். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள். பிட்லாக்கர் பூட்டு போட்ட டிஸ்க் என்றால் ரெக்கவரி கீ கேட்கும். பலருக்கு அது அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும்.

கடையில் கொடுக்கும்போது என்ன கேட்கணும்?

"டிஸ்பிளே வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நம் லாக் மாறுது, வேற மானிட்டர்லயும் வரலை, ரேம் மாத்திப் பார்த்தாச்சு" என்று நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள். தேவையில்லாத பாகத்தை உங்கள் தலையில் கட்டுவது கடினமாகிவிடும்.

முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு சி.பி.யு-வை மட்டும் கொடுங்கள். லோகோ வரவழைக்க டிஸ்க் தேவையே இல்லை. டிஸ்க்கோடு கொடுப்பதாக இருந்தால் 'கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் திரும்பக் கேளுங்கள்.

ரேம், பேட்டரி, கேபிள், எஸ்.எம்.பி.எஸ் என்றால் சரிசெய்வது லாபம். மதர்போர்டோ பிராசஸரோ போய்விட்டது என்றால் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. மிகப் பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. எழுத்து வேலைக்கும் இணையம் பார்க்கவும் மட்டும் போதும் என்றால் லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தலாம்.

வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தால், முதலில் ஃபைல்களை வேறு இடத்தில் பிரதி எடுங்கள். அவை திறக்கின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி மையத்தில் பெட்டியைக் கொடுங்கள்.